ஒரு மோசமான ரோட்டின் கதை - அரன்பெர்க் காட்டுப் பாதை

நம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் எது? தார் ரோடு. தேர்தல் வந்தால் வாக்குறுதியில் முதலில் வருவதும் அதுதான், முடிந்த பிறகு மறந்துபோவதும் அதுதான். ரோடு போடாத ஊர் என்றால் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

ஆனால் ரோடு போடாததாலேயே உலகப் புகழ் பெற்ற ஊர் ஒன்று பிரான்சில் இருக்கிறது. அங்கே ஒரு காட்டுக்குள் ஓடும் இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பாதை. குண்டும் குழியுமாகப் பாவிய கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. மழை பெய்தால் பாசி வழுக்கும். அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்ட உலகின் மிகச் சிறந்த வீரர்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் வருகிறார்கள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கான பேர் மணிக்கணக்கில் மரங்களுக்கு நடுவே நிற்கிறார்கள். தார் ஊற்றிவிடுவோம் என்று யாராவது இன்று சொன்னால் கலவரமே வந்துவிடும்!

இந்த மோசமான ரோடு எப்படிப் பொக்கிஷமானது? அதுதான் இந்தக் கட்டுரை.

ஊரும் காடும்

பிரான்சின் வடக்கு ஓரத்தில், பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில், வலான்சியேன் என்ற நகரம் இருக்கிறது. அதற்கு மேற்கே உள்ள சிற்றூர் வாலேர். அந்த ஊரைச் சேர்ந்த சுரங்கக் குடியிருப்புதான் அரன்பெர்க். பக்கத்திலேயே ரேம், சேன்தமான், வாலேர் என்ற மூன்று ஊர்களின் பெயரையும் சேர்த்துச் சுமக்கும் பெரிய காடு. 4,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. சுற்றிலும் தட்டையான வயல்வெளி. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் கோதுமையும் விளையும் பூமி. மலை கிடையாது, மேடுகூட அதிகம் கிடையாது.

இந்தக் காட்டின் நடுவே ஒரு கோடு கிழித்ததுபோல நேராக ஓடுகிறது நம் பாதை. உள்ளூர்ப் பெயர் 'த்ரேவ் தெ பூல் தெரான்'. 'த்ரேவ்' என்பது இரு பக்கமும் மரம் நிற்கும் சாலைக்கு அந்த வட்டாரத்தில் வழங்கும் சொல். வெளியுலகத்துக்குத் தெரிந்த பெயர் 'த்ரூவே தாரன்பெர்க்'. அரன்பெர்க் திறப்பு, அல்லது காட்டைப் பிளந்த வழி என்று தமிழில் சொல்லலாம். நெப்போலியன் காலத்தில் போட்ட கல் பாதை என்று சொல்கிறார்கள். நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். முதல் பாதி லேசான இறக்கம், பின் பாதி லேசான ஏற்றம். கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவுதான். ஆனால் சைக்கிள்காரனின் தொடைக்குத் தெரியும்.

அரன்பெர்க் என்ற பெயர் வந்ததும் சுரங்கத்தால்தான். ஆன்சேன் சுரங்கக் கம்பெனி 1757இல் தொடங்கப்பட்ட பழைய கம்பெனி. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது இந்தக் காட்டோரத்தில் ஒரு புதிய நிலக்கரிச் சுரங்கம் தோண்டியது. கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவர் ஓகுஸ்த் த அரன்பெர்க் என்ற இளவரசர். சூயஸ் கால்வாய்க் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவரேதான். அவர் பெயரைச் சுரங்கத்துக்கு வைத்தார்கள். சுரங்கத்தின் பெயர் குடியிருப்புக்கு வந்தது, குடியிருப்பின் பெயர் காட்டுப் பாதைக்கு வந்தது.

எமில் ஜோலாவின் 'ஜெர்மினல்' நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1884இல் இதே ஆன்சேன் கம்பெனியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது ஜோலா நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதிய நாவல் அது. அதைப் பின்னாளில் கிளோத் பெரி படமாக எடுத்தார். 1993இல் வெளிவந்த அந்தப் படத்தின் படப்பிடிப்பு இந்த அரன்பெர்க் சுரங்கத்தில்தான் நடந்தது. ஆக, கரி, வியர்வை, வறுமை... இந்த மண்ணின் வாசனை இதுதான். சைக்கிள் பந்தயம் இங்கே ரொம்பப் பின்னாடிதான் வந்தது.

பாரிஸ் - ரூபே

அந்தப் பந்தயத்தின் பெயர் பாரிஸ்-ரூபே. ரூபே என்பது வடக்கே உள்ள ஒரு துணி மில் நகரம். நம்மூர்க் கோயம்புத்தூர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தியோடோர் வியேன், மோரிஸ் பெரஸ் என்ற இரண்டு மில் முதலாளிகள் அங்கே ஒரு சைக்கிள் மைதானம் கட்டினார்கள். மைதானத்துக்குக் கூட்டம் வர வேண்டுமே? பாரிஸிலிருந்து ரூபே வரை ஒரு பந்தயம் வைத்து, மைதானத்திலேயே முடித்தால் என்ன என்று யோசித்தார்கள். 'லெ வெலோ' என்ற பாரிஸ் விளையாட்டுப் பத்திரிகை கைகொடுத்தது.

வழியைப் பார்த்து வர அந்தப் பத்திரிகையின் விக்டர் ப்ரேயே கிளம்பினார். அமியேன் நகரம் வரை மோட்டார் வண்டியில் சொகுசாகப் போனார். மறுநாள் அங்கிருந்து ரூபேக்கு சைக்கிளில். காற்று, மழை, குளிர், கல் பாதை. உடம்பெல்லாம் சேறாக ரூபே போய்ச் சேர்ந்தபோது, இந்த வழியில் பந்தயம் வைப்பது பாவம், உடனே தந்தி அடித்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்ற முடிவில் இருந்தார். அன்று இரவு ரூபேகாரர்கள் வயிறார விருந்து வைத்தார்கள், குடிக்கவும் கொடுத்தார்கள். மனிதர் மனம் மாறிவிட்டார். ஒரு சாப்பாட்டில் பிழைத்த பந்தயம் இது!

1896 ஏப்ரலில் முதல் போட்டி நடந்தது. 280 கிலோமீட்டர். ஜெர்மானியர் யோசப் ஃபிஷர் 9 மணி 17 நிமிடத்தில் வந்து ஜெயித்தார். மூன்றாவதாக வந்தவர் மோரிஸ் காரான். இத்தாலியில் பிறந்து, சிறு வயதில் புகைபோக்கி துடைக்கும் வேலை பார்த்து, ரூபேயில் குடியேறியவர். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரே ஜெயித்தார். 1903இல் நடந்த முதல் டூர் த பிரான்ஸ் போட்டியையும் வென்றவர் இவர்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கல் பாதை என்பது இந்தப் பந்தயத்தின் சிறப்பு கிடையாது. வட பிரான்சில் பெரிய ரோடுகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. பீட் கிழங்கு வண்டியும் கரி வண்டியும் சேற்றில் புதையாமல் போகக் கல் பாவினார்கள். பந்தயக்காரர்கள் இருக்கிற ரோட்டில் ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

'வடக்கின் நரகம்' என்ற பட்டப்பெயர் வந்ததற்கும் கற்கள் காரணம் இல்லை. இது பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போரில் இந்தப் பகுதியில் நான்கு ஆண்டுகள் பீரங்கிகள் முழங்கின. போட்டியும் நின்றுபோனது. 1919இல் மறுபடி நடத்தலாமா என்று பார்க்கச் சிலர் வண்டியில் கிளம்பினார்கள். வடக்கே போகப் போக ஊர் இல்லை, மரம் இல்லை. குண்டு விழுந்த பள்ளம், கருகிய அடிமரம், செத்த மாட்டு நாற்றம், சிலுவைகள். பார்த்துவிட்டு வந்து எழுதிய செய்தியில்தான் 'நரகம்' என்ற சொல் வந்தது. அந்த நரகத்தின் வழியாகவே அந்த ஆண்டு பந்தயம் நடந்தது. ஆன்ரி பெலிசியே ஜெயித்தார். போர்க்காயம் ஆறிய பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் வந்தவர்கள் அது கற்களுக்கு வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தார் வந்தது, ஆபத்தும் வந்தது

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. நாடு நிமிர்ந்தது. கார், லாரி, டிராக்டர் எல்லாம் பெருகின. கல் ரோடுகள் மேல் வேகமாகத் தார் ஏறியது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தினமும் அந்த ரோட்டில் போய் வருகிறவனுக்குத்தானே இடுப்பு வலி தெரியும்?

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கினார்கள். தன் ஊர் ரோட்டின் லட்சணம் நாடு முழுக்கத் தெரிகிறதே என்று மேயர்களுக்கு வெட்கம். பந்தயம் நம் ஊர் வழியாக வருகிறது என்று தெரிந்ததும் அவசரமாகத் தார் போட்டுவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அமைப்பாளர்கள் வழி தேடிப் போவார்கள். போன வருடம் இருந்த கல் பாதை இந்த வருடம் தார் ரோடாக இருக்கும். 1965இல் மொத்தப் பாதையில் சுமார் 22 கிலோமீட்டர்தான் கல் மிஞ்சியிருந்தது.

கல் குறைந்ததும் பந்தயத்தின் தன்மையே மாறிவிட்டது. நல்ல ரோட்டில் எல்லோரும் கும்பலாகவே வருவார்கள், கடைசி 200 மீட்டரில் யார் பாய்ச்சல் அதிகமோ அவர் ஜெயிப்பார். மற்ற பந்தயங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1967இல் நெதர்லாந்தின் யான் யான்சன் ஜெயித்ததும் அப்படி ஒரு கடைசி நேரப் பாய்ச்சலில்தான். போட்டியின் தலைவர் ழாக் கோதே கவலைப்பட்டார். இப்படியே போனால் பாரிஸ்-ரூபே செத்துவிடும். தன் உதவியாளர் ஆல்பேர் பூவேயைக் கூப்பிட்டு, எங்கே இருந்தாலும் சரி, கல் பாதைகளைத் தேடிக் கண்டுபிடி என்றார்.

பூவே முன்னாள் வீரர், 1956இல் பாரிஸ்-தூர் போட்டியை வென்றவர். ஆனால் அவர் பிரித்தானிப் பகுதிக்காரர். வடக்கின் சந்து பொந்துகள் அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கேட்டார். இங்கேதான் கதையின் நாயகன் வருகிறார்.

மண்ணுக்குக் கீழே இருந்து வந்தவர்

ழான் ஸ்டாப்லின்ஸ்கி. 1932இல், இந்தக் காட்டுக்கு வடக்கே துன்-சேன்தமான் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெயரைப் பார்த்தாலே பிரெஞ்சுப் பெயர் இல்லை என்று தெரியும். பெற்றோர் போலந்துக்காரர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு சுரங்கத்தில் இறங்க ஆள் போதாமல், பிரான்ஸ் 1919இல் போலந்தோடு ஒப்பந்தம் போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களை வரவழைத்தது. வடக்கின் சுரங்க ஊர்களில் போலிஷ் மொழி தெருவெல்லாம் கேட்டது. இவருடைய உண்மையான குடும்பப் பெயர் ஸ்டாப்லெவ்ஸ்கி. பத்திரிகைக்காரர்கள் தப்பாக எழுதியது ஸ்டாப்லின்ஸ்கி என்று நிலைத்துவிட்டது.

சிறு வயதிலேயே தந்தை போய்விட்டார். குடும்பத்துக்குச் சோறு போட 14 வயதில் சுரங்கத்தில் இறங்கினார் பையன். எந்தச் சுரங்கம்? அதே அரன்பெர்க்!

அங்கிருந்து மேலே ஏற அவருக்குக் கிடைத்த ஏணி சைக்கிள். அது சாதாரண ஏற்றம் இல்லை. 1958இல் ஸ்பெயின் சுற்றுப் போட்டியை வென்றார். 1960, 62, 63, 64 என்று நான்கு முறை பிரான்ஸ் நாட்டுச் சாம்பியன். 1962இல் இத்தாலியின் சலோ நகரில் உலகச் சாம்பியன். ஐந்து முறை டூர் த பிரான்ஸ் வென்ற ழாக் ஆன்கெத்திலின் அணியில் அவருடைய நம்பிக்கைக்குரிய தோழரும் இவர்தான். பந்தயத்தில் எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

பூவே கேட்டதும் ஸ்டாப்லின்ஸ்கி சொன்ன இடம் அரன்பெர்க் காடு. எந்த வரைபடத்தையும் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. அந்தக் காட்டின் கீழே கரி வெட்டியவர் அவர். மேலே உள்ள பாதை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பூவே போய்ப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டு போய்க் கோதேயிடம் காட்டினார். கோதே அதிர்ந்துபோய், நான் கேட்டது கல் பாதை, நீ காட்டுவது பள்ளங்கள் அல்லவா என்கிற மாதிரி சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

1968இல் பாரிஸ்-ரூபே முதன்முறையாக அரன்பெர்க் காட்டுக்குள் நுழைந்தது. பாதை முழுவதும் கிழக்கே நகர்ந்து, பெரிய ரோடுகளை விட்டுவிட்டு வயல் வழிகளையும் காட்டு வழிகளையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜெயித்தவர், உலகச் சாம்பியன் சட்டையோடு வந்த 22 வயது பெல்ஜியக்காரர் எடி மெர்க்ஸ். அவர் யார் என்று சைக்கிள் உலகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1968இல் இன்னொன்றும் நடந்தது. இந்தக் காட்டையும் சுற்றுப்புறத்தையும் பிரான்சின் முதல் வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரே ஆண்டில் காட்டுக்கு இரண்டு பாதுகாவலர்கள்! இருவருக்கும் எப்போதும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. வனத்துறை வேண்டாம் என்றதால் 1974 முதல் 1983 வரை பந்தயம் இந்தப் பாதைக்குள் வரவில்லை. 1984இல்தான் திரும்பி வந்தது.

அந்தக் கல் மேல் ஓட்டுவது எப்படி?

பந்தயத்தில் இருக்கும் கல் பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். நம் ஹோட்டல்களுக்கு நேர் எதிர். நட்சத்திரம் கூடக் கூட வசதி குறைவு! ஐந்து நட்சத்திரம் வாங்கியவை மூன்றே மூன்று. அரன்பெர்க், மோன்-சான்-பெவேல், கார்ஃபூர் த லார்பர். மற்ற இரண்டும் முடிவுக்குப் பக்கத்தில் வருபவை. அரன்பெர்க் வருவதோ ரூபேக்கு இன்னும் 95 கிலோமீட்டர் போல இருக்கும்போது. இங்கே யாரும் ஜெயிப்பதில்லை, ஆனால் இங்கே தோற்றுப்போகலாம் என்று சைக்கிள் ரசிகர்கள் சொல்வது அதனால்தான்.

முன்னால் இருப்பவருக்குத்தான் பாதை தெளிவாகத் தெரியும், விழுந்தவர் மேல் மோதாமல் தப்பலாம். அதனால் காட்டு வாசலுக்கு முந்திப் போக எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கல் மேல் ஏறுவார்கள். ஏறியதும் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் அதிர்ச்சி முழுவதும் கைக்கும் தோளுக்கும் போகும். லேசாகப் பிடித்துக்கொண்டு, கனமான கியரில், நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் தடுக்கும், வேகமாகப் போனால் கற்களின் தலையைத் தொட்டுக்கொண்டே பறந்துவிடலாம். பாதையின் நடு முதுகு உயர்ந்திருக்கும், அதில் போவதுதான் நல்லது. ஓரத்தில் மண் இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே கூரான கல் டயரைக் கிழிக்கக் காத்திருக்கும். இப்போது ஓரத்தில் இறங்க முடியாதபடி இரண்டு பக்கமும் தடுப்பு வைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு நாளுக்காகவே டயரைப் பெரிதாக மாற்றி, காற்றைக் குறைத்துக்கொண்டு வருவார்கள்.

இத்தனை செய்தும் விழுவார்கள். 1998இல், இதற்கு முன்பே ஒரு முறை ஜெயித்திருந்த பெல்ஜியத்தின் யோகான் மியூசியூ இங்கே விழுந்தார். முழங்கால் சில்லு நொறுங்கியது. காயத்தில் அழுகல் பிடித்து, காலையே எடுக்க வேண்டுமோ என்ற நிலை. இரண்டு வருடம் கழித்து, 2000இல், அதே பந்தயத்தில் தனியாக வந்து ஜெயித்தார். கோட்டைத் தாண்டும்போது இடது காலைத் தூக்கி முழங்காலைக் கையால் காட்டினார். அந்தப் படத்தைப் பார்க்காத சைக்கிள் ரசிகர் இருக்க முடியாது. 2001இல் பிரெஞ்சு வீரர் பிலிப் கோமோனுக்கு இதே காட்டில் தொடை எலும்பு முறிந்தது.

இவ்வளவு ஆபத்தை வேடிக்கை பார்க்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வீரர்களே அதைக் கேட்டார்கள். 2024இல் அவர்களுடைய சங்கத்தின் வேண்டுகோளால் காட்டு வாசலுக்குச் சற்று முன்னால் கூர்மையான வளைவு ஒன்றை வைத்து வேகத்தைக் குறைத்தார்கள். அதையும் கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்களில் முன்னணி வீரர்களும் இருந்தார்கள். சர்ச்சை இன்னும் தீரவில்லை. நல்ல ரோடு வேண்டும் என்று கேட்பவனுக்கும் கெட்ட ரோடு வேண்டும் என்று கேட்பவனுக்கும் நடுவே இந்தப் பாதை எப்போதுமே மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கீழே இருப்பது மேலே தெரியும்

1989இல் அரன்பெர்க் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1990 டிசம்பரில், வடக்கின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. சுமார் 270 ஆண்டுகள் நடந்த தொழில் முடிந்தது. தாத்தா, அப்பா, மகன் என்று ஒரே குழியில் இறங்கிய குடும்பங்களுக்கு அடுத்து என்ன என்று தெரியவில்லை. கூண்டை இறக்கி ஏற்றிய மூன்று இரும்புக் கோபுரங்கள் மட்டும் ஊருக்கு மேலே நின்றன. அவற்றை இடித்துவிடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. 2012இல் வட பிரான்சின் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அரன்பெர்க்கும் அதில் இடம் பிடித்தது. ஏப்ரலில் ஹெலிகாப்டரிலிருந்து காட்டும்போது முதலில் அந்தக் கோபுரங்கள் தெரியும், அடுத்து காடு, அடுத்து அந்த நேர்கோடு.

ஆனால் மூடிவிட்டதால் சுரங்கம் இல்லாமல் போய்விடுமா? அடியில் குடைந்த வெற்றிடம் அப்படியேதானே இருக்கிறது. மண் மெல்ல மெல்லத் தாழ்கிறது. காட்டோரத்தில் 'மார் ஆ கோரியோ' என்று ஒரு பெரிய ஏரி. பறவைகள் கூடும் அழகான இடம். அது இயற்கை ஏரி இல்லை, சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து தண்ணீர் தேங்கியது. நம் பாதைக்கும் அதே கதி நேர்ந்தது. கற்கள் அங்கங்கே புதைந்து, ஓட்டவே முடியாத அளவுக்குப் போனதால் 2005இல் அரன்பெர்க்கை விட்டுவிட்டுப் போட்டி நடந்தது. உள்ளூர், வட்டார நிர்வாகங்கள் சுமார் 2,50,000 யூரோ செலவழித்து, சுருங்கிப்போயிருந்த பாதையைப் பழைய மூன்று மீட்டர் அகலத்துக்குக் கொண்டுவந்தன. 2006இல் பந்தயம் திரும்பியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் தார் போட்டு மூட வெட்கப்பட்டு ஓடிய அதே நிர்வாகங்கள், கல் ரோட்டைக் கல் ரோடாகவே வைத்திருக்கப் பணம் கொடுக்கின்றன!

கல் காப்பவர்கள்

இந்த மனமாற்றம் தானாக வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் 'பாரிஸ்-ரூபே நண்பர்கள்' என்ற சங்கம் தொடங்கியது. சம்பளம் வாங்காத ரசிகர்கள். வார இறுதிகளில் கடப்பாறை, மண்வெட்டி, மணல் எல்லாம் எடுத்துக்கொண்டு போய், பெயர்ந்த கல்லை எடுத்து, அடியில் மணல் பரப்பி, மறுபடி பதிப்பார்கள். தார் போட நினைக்கும் நிர்வாகத்தோடு பேசுவார்கள். இவர்களுக்குத் துணையாக வேலை செய்பவர்கள் யார் தெரியுமா? ரேம் போன்ற ஊர்களில் உள்ள தோட்டக்கலைப் பள்ளி மாணவர்கள். பாடத்தின் ஒரு பகுதியாகவே கல் பதிக்கிறார்கள். நாம் ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிற வயதில் அவர்கள் பதித்த கல் மேல் உலகச் சாம்பியன்கள் ஓட்டுகிறார்கள்.

இந்தக் கல்லின் மதிப்பு எவ்வளவு ஏறிவிட்டது என்றால், 1977 முதல் ஜெயிப்பவருக்குப் பரிசாகக் கொடுப்பதே ஒரு கல்தான். தங்கக் கோப்பையும் வெள்ளித் தட்டும் எல்லாப் பந்தயத்திலும் கிடைக்கும். இங்கே ரோட்டில் கிடக்கும் கல்லைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அழுவார்கள். அரன்பெர்க்கில் ரசிகர்கள் கற்களைப் பெயர்த்து வீட்டுக்குத் திருடிக்கொண்டு போவதும் ஒரு தொல்லை. ரோட்டைத் திருடுவது என்று நாம் கேலியாகச் சொல்வது அங்கே நிஜமாகவே நடக்கிறது.

சாதாரண நாட்களில் அந்தப் பாதையில் மோட்டார் வண்டி போக முடியாது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகலாம். வெளிச்சம் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக விழும். ஓரிடத்தில் தலைக்கு மேலே பாலம் ஒன்று குறுக்கே போகும். அது பழைய நிலக்கரி ரயில் போன பாலம். கல்லுக்கு நடுவே புல் முளைத்துக்கொண்டே இருக்கும். அண்மை ஆண்டுகளில் பந்தயத்துக்கு முன்னால் அந்தப் புல்லை மேய ஆட்டு மந்தையை ஓட்டிவிடுகிறார்கள். மருந்து தெளிக்காமல் புல்லை எடுக்க இதைவிட நல்ல வழி ஏது?

வயல்வெளிகளில் ஓடும் மற்ற கல் பாதைகளும் இப்படியே காப்பாற்றப்பட்டன. 2024 போட்டியில் 259.7 கிலோமீட்டர் தூரத்தில் 29 கல் பாதைகள், மொத்தம் 55.7 கிலோமீட்டர். 1965இல் இருந்ததைவிட இரண்டரை மடங்கு! 2021இல் பெண்களுக்கான பாரிஸ்-ரூபேயும் தொடங்கியது. அதில் அரன்பெர்க் காடு இடம்பெறவில்லை. ஆனாலும் முதல் வெற்றி பெற்ற பிரிட்டனின் லிசி டெய்க்னனின் கையில் ரத்தம் வழிந்தது, ஹேண்டில் பாரெல்லாம் சிவப்பு. கல் ஆண், பெண் பார்ப்பதில்லை.

முடிவாக...

ஸ்டாப்லின்ஸ்கி 2007 ஜூலையில் காலமானார். அடுத்த ஆண்டு அரன்பெர்க் காட்டுப் பாதையின் வாசலில் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் வீரர்கள் அதைத் தாண்டித்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். அந்த வேகத்தில் அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் புரியும். வாலேர் ஊரின் செல்வம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தது பூமிக்கு அடியில் இருந்த கரி. அது போய்விட்டது. யாருமே செல்வம் என்று நினைக்காத, எப்போது தார் போடுவார்கள் என்று காத்திருந்த ஒரு காட்டு வழி மிஞ்சியது. இன்று உலகம் அந்த ஊரைத் தெரிந்துவைத்திருப்பது அதனால்தான். அதன் மதிப்பைச் சொன்னவர் மேலே இருந்து பார்த்த அதிகாரியோ வல்லுநரோ இல்லை. 14 வயதில் அதன் அடியில் இறங்கிக் கரி வெட்டிய ஒரு பையன்.

எல்லா ஊருக்கும் ரோடு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எல்லாவற்றின் மேலும் தார் ஊற்றுவதற்கு முன்னால், அடியில் என்ன இருக்கிறது என்று அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவரை ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.